பழைய மாருதிக்குப் புது கேஸ்: பொறுமைசாலிகளுக்கான கையேடு

படி 1: நோயறிதல்

முதலில் உங்களிடம் இருப்பது ஏசி கார்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1990-களில் பிறந்த மாருதி 800 என்றால் டேஷ்போர்டில் எழுத்து தேய்ந்துபோன ஒரு சுவிட்ச் இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு அதை அழுத்துங்கள். முன்னால் எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம், இன்ஜினிடமிருந்து ஒரு முனகல், பிறகு வெளியே அடிக்கும் அதே அனல் கொஞ்சம் தூசியோடு உங்கள் முகத்தில் வீசினால், வாழ்த்துகள், உங்கள் காரில் ஏசி இருக்கிறது. ‘டக்’ சத்தமே வரவில்லை என்றால், கேஸ் மொத்தமாகப் போய்விட்டதால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். அல்லது எலி ஒயரைக் கடித்திருக்கும். எலிக்கு இந்தக் கையேட்டில் இடமில்லை.

அடுத்து பானெட்டைத் திறந்து, கேஸ் ஏற்றும் இரண்டு வாய்களையும் தேடுங்கள். மூடியைக் கழற்றினால் திருகிப் பொருத்தும் புரி வைத்த வாய் இருந்தால் அது ஆர்-12 என்ற பழைய கேஸில் ஓடும் வண்டி. புரி இல்லாமல் வெளிப்புறம் வழவழப்பாக, அழுத்திச் செருகும் வாயாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றிவிட்டார்கள், அல்லது மாற்றிவிட்டதாக உங்களை நம்பவைத்து வண்டியை விற்றிருக்கிறார்கள். இரண்டில் எது என்பது பின்னால் பில்லில் தெரியும்.

படி 1-க்கும் 2-க்கும் நடுவே: கொஞ்சம் வரலாறு

அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் மெக்கானிக் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் அரை நாள் உட்காரப் போகிறவர்களுக்குப் பேச ஏதாவது வேண்டும்.

ஆர்-12 என்பதை ஏதோ வில்லன் போலப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது வந்த புதிதில் அதுதான் கதாநாயகன். அதற்கு முன்பு ஃப்ரிட்ஜுக்குள் இருந்தவை அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு. ராத்திரி கசிந்தால் காலையில் வீட்டில் யாரும் எழுந்திருக்காமல் போகக்கூடிய சரக்குகள். 1930-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற விஞ்ஞானி, வேதியியலாளர்கள் கூடிய சபையில் இந்தப் புது வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அதை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்பது நிரூபணம். பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இதே மனிதருடையதுதான். ஒரே ஆயுளில் கீழே இருக்கும் காற்றையும் மேலே இருக்கும் காற்றையும் கவனித்துக்கொண்டவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வகை வாயுக்கள் உயரே போய் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் அந்த ஓட்டையைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் இந்த வாயுவைக் காய்ச்சிய விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளில் ஒன்று மேட்டூரில் இருந்தது. உங்கள் மாருதிக்குள் முதன்முதலில் ஓடிய குளிர்ச்சி காவிரிக்கரைச் சரக்காகவே இருந்திருக்கலாம். 2008 ஆகஸ்டோடு ஆஸ்துமா இன்ஹேலருக்கு வேண்டிய அளவைத் தவிர இந்தியாவில் உற்பத்தி நின்றது.

ஆர்-12 வளிமண்டலத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டு தங்கும். உங்கள் காரிலிருந்து 1996-இல் கசிந்தது இன்னும் மேலேதான் இருக்கிறது. வண்டியின் தரைத்தகடு இரண்டு முறை துருப்பிடித்து மாற்றப்பட்டுவிட்டது, கேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

படி 2: கலந்தாலோசனை

எந்த வேலையையும் தொடங்கும் முன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நம் பண்பாடு. ஏசி விஷயத்தில் நான்கு விதமான பெரியவர்கள் கிடைப்பார்கள்.

முதலாமவர் தெருமுனை மெக்கானிக். “இதுக்கு எதுக்கு சார் யோசிக்கிறீங்க? அந்தக் கேஸ் இப்ப வர்றதில்ல. இருக்கறத வெளிய விட்டுட்டு 134 ஏத்திடலாம். அரை மணி நேர வேலை.” இதில் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. சேர்த்துப் பார்த்தால்தான் கம்ப்ரஸர் போகும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அவர் சொல்கிறபடி செய்தாலும் கூலிங் வரும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. முதல் மாதம் ஜில்லென்று இருக்கும், நீங்கள் அவரைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் விடுவீர்கள்.

இரண்டாமவர் மைத்துனர். “மாமா, என் ஃபிரெண்டு ஒருத்தன் வீட்டு சிலிண்டர் கேஸையே ஏத்தி ஓட்டிட்டிருக்கான். கூலிங் சும்மா அள்ளுது.” அள்ளும்தான். புரொப்பேனும் பியூட்டேனும் சரியான விகிதத்தில் கலந்தால் ஆர்-12-இன் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும், பழைய ஆயிலோடும் சண்டை போடாது. “வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் இந்தக் குடும்பத்து கேஸ்தானே மாமா இருக்கு?” என்று அவர் கேட்பார். ஆமாம், இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன்தான், அதுவும் சில பத்து கிராம். ஆனால் ஃப்ரிட்ஜ் கோயம்பேடு சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் மாநகரப் பேருந்து வந்து இடிப்பதில்லை. காரில் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்கு உள்ளே. அது கசிந்தால் கேஸ் வருவது நீங்கள் மூச்சு விடும் இடத்துக்கு. பக்கத்திலேயே பிளோயர் மோட்டாரும், பொறி பறக்கும் ரிலேவும், சில வீட்டில் அப்பாவின் சிகரெட்டும் இருக்கும். வாசனை வருமே, தெரிந்துவிடுமே என்றால், வரும். சிலிண்டர் கேஸில் நாற்றம் சேர்ப்பதே அதற்குத்தான். ஆனால் கேஸ் வாசனை வந்ததும் உடனே எல்லாரும் செய்வது ஜன்னலைத் திறக்கும் சுவிட்சைத் தேடுவது, அதாவது ஏதாவதொரு சுவிட்சை அழுத்துவது. 800-இல் கையால் சுற்றும் கைப்பிடிதான் என்பது ஒரு ஆறுதல். மைத்துனருக்கு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூன்றாமவர் பெரியப்பா. “அம்பாஸடர்ல முன்னாடி முக்கோணமா ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பிவிட்டா மெட்ராஸ்லேர்ந்து மதுரை வரைக்கும் காத்துதான்.” இந்த நான்கில் பொறியியல் ரீதியாகப் பிழையே இல்லாத யோசனை இது ஒன்றுதான். செலவும் கிடையாது. என்றாலும் நீங்கள் இந்தக் கையேட்டைப் படிக்கிறீர்கள் என்றால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

நான்காமவர் கணக்குத் தெரிந்தவர். வண்டியை இன்று விற்றால் என்ன கிடைக்கும், ஏசி வேலைக்கு என்ன ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் அருகருகே எழுதிக் காட்டுவார். அந்தச் சீட்டைப் பணிவாக வாங்கி, மடித்து, ஆர்சி புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி எடுத்து, பசுமை வரியும் கட்டி வைத்திருப்பவரிடம் கணக்கு பேசுவது நாகரிகம் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை.

ஐந்தாவதாக ஒருவர் வந்து, “எங்கிட்ட ஒரு பழைய ஆர்-12 சிலிண்டர் இருக்கு, யாருக்கும் சொல்லாதீங்க” என்று கிசுகிசுத்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். சிலிண்டரின் வெளியே எழுதியிருப்பது உள்ளே இருப்பதன் சாட்சி அல்ல. 2011-இல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட சில குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஏற்றப்பட்டது 134ஏ என்ற பெயரில் விற்ற போலிச் சரக்கு, உள்ளே இருந்தது மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டவுடன் தானாகவே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். உங்கள் கம்ப்ரஸர் அலுமினியம்.

படி 3: அந்த அரை மணி நேர வேலை ஏன் அரை மணி நேரம் அல்ல

கார் ஏசிக்குள் கேஸ் மட்டும் சுற்றுவதில்லை. கேஸோடு ஆயிலும் சேர்ந்து சுற்றும். கம்ப்ரஸருக்கென்று தனியாக ஆயில் பம்ப்பு கிடையாது, கேஸ் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பதுதான் அதற்குச் சோறு. ஆர்-12-உடன் ஓடியது மினரல் ஆயில். அந்த கேஸில் அது நன்றாகக் கரையும். 134ஏ-யில் கரையாது. ஆகவே பழைய ஆயிலை உள்ளேயே விட்டுப் புது கேஸை ஏற்றினால், கேஸ் மட்டும் உற்சாகமாகச் சுற்றி வர, ஆயில் கூலிங் காயிலின் அடியிலும் கண்டென்சரின் வளைவுகளிலும் போய்த் தங்கிவிடும். கம்ப்ரஸர் பட்டினியோடு ஓடும். முதலில் ஒரு கிறீச்சல், பிறகு ஒரு கடகடப்பு, பிறகு உள்ளே அரைபட்ட அலுமினியத் தூள் குழாய் முழுவதும். தெருமுனை மெக்கானிக் அப்போது சொல்வார்: “கம்ப்ரஸர் வயசாயிடுச்சு சார்.”

புது கேஸுக்கு இரண்டு வகை ஆயில் உண்டு. புது வண்டிகளில் போடுவது பிஏஜி ஆயில். மாற்றும் வண்டிகளுக்கு எஸ்டர் ஆயில்தான் நல்லது. பழைய கேஸ் விட்டுப்போன குளோரின் மிச்சங்களோடு பிஏஜி ஒத்துப்போவதில்லை. இரண்டுமே ஈரத்தை உறிஞ்சுவதில் மன்னர்கள், பிஏஜி சக்கரவர்த்தி. டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், ஈரக்கரண்டி போட்ட மாங்காய் ஊறுகாய் கதைதான். சென்னைக் காற்றில் அதற்கு அதிக நேரமும் வேண்டாம்.

ஆயிலை எப்படி வெளியே எடுப்பது? கம்ப்ரஸரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து வடிப்பது, குழாய்களை அதற்கென்று விற்கும் ஃபிளஷ் திரவம் விட்டுக் கழுவி, உலர்ந்த நைட்ரஜன் ஊதிக் காயவைப்பது. பெட்ரோலோ தின்னரோ ஊற்றிக் கழுவி, பங்க்சர் கடைக் காற்றை ஊதிக் காயவைக்கும் ஒரு முறையும் நடைமுறையில் இருக்கிறது. பங்க்சர் கடைக் காற்றில் தண்ணீர் இருக்கும். ஈரத்தை வெளியேற்ற ஈரத்தையே அனுப்பும் இந்த முறையின் தத்துவம் எனக்குப் பிடிபடவில்லை.

படி 4: கடைவீதி

சென்னைவாசிகளுக்கு ஜிபி ரோடு, புதுப்பேட்டை. வாங்க வேண்டியவை: ரிசீவர் ட்ரையர், பச்சை நிற ஓ-ரிங்குகள் ஒரு செட், எஸ்டர் ஆயில், புது கேஸுக்கான சர்வீஸ் வாய் அடாப்டர்கள் இரண்டு, ஹை பிரஷர் கட்-ஆஃப் சுவிட்ச், முடிந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வு, மனசும் பையும் ஒத்துழைத்தால் உள்ளே நைலான் உறை கொண்ட ஓஸ்கள். 134ஏ-யின் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர் வழியாக அது மெல்ல மெல்ல வெளியே நடந்துவிடும். பழைய ஓஸில் ஊறியிருக்கும் ஆயில் ஓரளவு தடுக்கும் என்பார்கள். ஓஸ் வெடிப்பு விட்டிருந்தால் அந்த ஆறுதலும் கிடையாது.

ட்ரையர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்த்தால் ஒரு சின்ன அலுமினிய டப்பா. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் குருணை மணிகள். பழைய வண்டிக்கு வந்த எக்ஸ்ஹெச்-5 என்ற மணி புது கேஸில் தாக்குப்பிடிக்காது. எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் உங்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார். இரண்டு முனையிலும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடி இல்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ட்ரையர், வரும் முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்ட விருந்தாளி, உங்கள் வீட்டில் எதையும் தொடாது. புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், பழைய கியர்பாக்ஸ் வாங்கலாம், பழைய ட்ரையர் மட்டும் வாங்காதீர்கள்.

“இந்த வண்டிக்கு அடாப்டர் எதுக்கு சார்? நம்ம கேஜ் பழைய வாயிலயே நிக்கும்” என்று ஒரு குரல் கேட்கும். அடாப்டர் கேஜ் நிற்பதற்காக அல்ல. நாளைக்கு வேறொரு மெக்கானிக் இதற்குள் பழைய கேஸை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு கேஸுக்கும் இரண்டு விதமான வாய் என்று உலகமே பேசிவைத்துக்கொண்டது. ‘நம்ம கேஜ்’ எதிலும் நிற்கும் என்பதுதான் பிரச்சினை.

படி 5: வேக்கம், அல்லது டீ குடிப்பதன் அறிவியல்

எல்லாம் பூட்டிய பிறகு உடனே கேஸ் ஏற்றக் கூடாது. வேக்கம் பம்ப்பு போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நல்ல மெக்கானிக்கும் மற்றவரும் பிரிகிறார்கள். நல்லவர் முக்கால் மணி நேரம் பம்ப்பை ஓடவிட்டு, நிறுத்தி, முள் நகர்கிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார். மற்றவர் பம்ப்பை ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஆஃப் செய்வார். எனவே டீ வாங்கித் தரும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டமான கடையாகத் தேர்ந்தெடுங்கள். மசால் வடையும் சொல்லுங்கள், சூடாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேச்சு தொய்ந்தால் மேலே சொன்ன மிட்ஜ்லி கதை இருக்கிறது. வடை வந்து சேரும்போது உங்கள் ஏசி அமைப்பு காய்ந்திருக்கும்.

இது வெறும் சடங்கு அல்ல. கேஜில் 29 அங்குல வேக்கம் காட்டும்போது தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், பம்ப்பு அதை இழுத்து வெளியே துப்பிவிடும். சென்னையில் 25 டிகிரிக்குப் பஞ்சமா? கத்திரி வெயில் உங்கள் ஏசிக்கு உதவி செய்யும் ஒரே தருணம் இது. ஊட்டியில் இந்தப் படி இவ்வளவு சுலபமாக வராது, ஆனால் ஊட்டியில் கார் ஏசிக்கு கேஸ் ஏற்றுகிறவரிடம் வேறு விஷயங்கள் பேச வேண்டியிருக்கும்.

ஈரம் மிச்சமிருந்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைப் பேய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூலிங் நன்றாக வரும். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடும். மெக்கானிக்கிடம் காட்ட வண்டியைத் திருப்பி ஓட்டிப் போய் நிறுத்தினால், அங்கே அருமையாக வரும். “நல்லாத்தானே சார் இருக்கு?” வீட்டுக்குக் கிளம்பினால் மறுபடி நிற்கும். உள்ளே இருக்கும் ஒரு துளித் தண்ணீர், எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கிறது. வண்டியை நிறுத்தினால் உருகிவிடுகிறது. மெக்கானிக் கடைக்குள் நுழையும் நேரத்தில் சரியாக உருகும் பனிக்கட்டியின் சாமர்த்தியத்தை எந்தக் கையேடும் விளக்க முடியாது.

படி 6: கேஸ் ஏற்றுதல்

கடைசியில் கேஸுக்கு வந்துவிட்டோம். மொத்த வேலையில் சுலபமானதும் மலிவானதும் இதுதான். ஆர்-12 எவ்வளவு பிடிக்கும் என்று வண்டிக்கான புத்தகத்தில் இருக்கும். அதில் 80 முதல் 90 சதவீதம்தான் 134ஏ. புத்தகம் 600 கிராம் என்றால் 480-லிருந்து 540-க்குள் நிறுத்திவிட வேண்டும். தராசு வைத்து ஏற்ற வேண்டும்.

தராசு என்றதும் பழைய கை ஒருவர் சிரிப்பார். ட்ரையரின் தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடிச் சன்னலைக் காட்டுவார். “இதுல குமிழி வந்துட்டிருக்கும். குமிழி நின்னா கேஸ் ஃபுல்லு. முப்பது வருஷ அனுபவம் சார்.” அனுபவம் பொய்யல்ல, ஆனால் அது முப்பது வருஷமும் ஆர்-12-உடன் வாழ்ந்த அனுபவம். 134ஏ சரியான அளவில் இருக்கும்போதும் அந்தக் கண்ணாடியில் குமிழியும் கலங்கலும் தெரியலாம். குமிழி நிற்கும்வரை ஏற்றினால் அளவுக்கு மேல் ஏறி, அழுத்தம் எகிறி, கூலிங் குறையும். கூலிங் குறைந்ததும் அவர் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். இதே பழைய கைகள் கசிவு கண்டுபிடிக்க ஹேலைடு டார்ச் என்று ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். கேஸ் கசியும் இடத்தில் அதன் சுடர் பச்சையாக மாறும், பார்க்க அழகாக இருக்கும். அது குளோரினுக்கு மட்டும் நிறம் மாறும் சுடர். 134ஏ-யில் குளோரினே இல்லை. எல்லா இணைப்பிலும் காட்டிப் பார்த்து, “ஒரு லீக்கும் இல்ல சார்” என்று அவர் மனசாரச் சொல்வார். சோப்பு நுரை பழைய கேஸ், புது கேஸ் என்று பாகுபாடு பார்ப்பதில்லை. அதைப் போடச் சொல்லுங்கள்.

35 டிகிரி வெயிலில் வண்டி நின்றபடி ஓடும்போது, லோ சைடில் 30-லிருந்து 45 பிஎஸ்ஐ, ஹை சைடில் 200-லிருந்து 250-க்குள் முள் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். ஹை சைடு முள் 300-ஐ எட்டிப் பார்த்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு அடுத்த பத்தியைப் படியுங்கள்.

படி 5-இலேயே சொல்லியிருக்க வேண்டிய கண்டென்சர் விஷயம்

வெயில் காலத்தில் 134ஏ, ஆர்-12-ஐவிட அதிக அழுத்தத்தில் ஓடும். அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டியது முன்னால் ரேடியேட்டருக்கு முன் நிற்கும் கண்டென்சர். பழைய வண்டியில் இருப்பது ஒரே குழாய் பாம்பு போல வளைந்து வளைந்து போகும் வகை, புது கேஸுக்கு அதன் திறமை போதாது. பல குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் பேரலல் ஃப்ளோ கண்டென்சர் பொருந்துமானால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் கூடுதலாக ஒரு மின்விசிறி. இரண்டும் இல்லையென்றால் என்ன ஆகும்? ஈசிஆரில் போகும்போது காற்று தானாகவே மோதுவதால் ஏசி ஊட்டியாக இருக்கும். கத்திப்பாரா நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஏசி கத்திப்பாராவாக இருக்கும். நகரத்தில் ஏசி தேவைப்படுவது எப்போது என்பதை வண்டி வடிவமைத்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

படி 7: பரிசோதனை

நம் ஊரில் கார் ஏசியைச் சோதிக்கும் அங்கீகரிக்கப்பட்ட கருவி மாமனாரின் உள்ளங்கை. காற்றுத் துவாரத்தின் முன் அதை வைத்து, கண்ணை மூடி, “பரவால்ல” என்பார். அந்தப் ‘பரவால்ல’ என்பதைச் செல்சியஸுக்கு மாற்ற வழியில்லாததால், ஒரு தெர்மாமீட்டரை நடுத் துவாரத்தில் செருகுங்கள். பத்து டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. பழைய கேஸில் இருந்ததைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருந்தால் புலம்ப வேண்டாம், மாற்றிய வண்டி அப்படித்தான்.

இன்ஜின் 796 சிசி என்பதையும் மறக்கக் கூடாது. மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைப்பது 800 ஓட்டுநர்களின் கைப்பழக்கம். புது கேஸ் வந்தாலும் அதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள். உலகிலேயே முதன்முதலில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி வந்த 1940 மாடல் பேக்கார்ட் காரில் கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்.

படி 8: ஸ்டிக்கர்

எந்தத் தேதியில், எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில் என்று எழுதி பானெட்டுக்குள் ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. இதுவரை சொன்ன எல்லாவற்றையும் செய்பவர்கள்கூட இதைச் செய்வதில்லை. அடுத்து வருகிறவர் வாசித்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லாததால், கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்து, மனசுக்குத் தோன்றிய கேஸைக் கொஞ்சம் ‘டாப் அப்’ செய்வார். இரண்டு கேஸ் கலந்த சரக்கை எந்தக் கடையின் இயந்திரமும் பிரிக்காது, எந்த அட்டவணையும் அதற்குப் பொருந்தாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவ்வளவு செய்தபின் என் கார் லேட்டஸ்ட் ஆகிவிட்டதா?

இல்லை. 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கெட்டிக்காரன். நூறு வருஷக் கணக்கில் கார்பன் டையாக்சைடைப் போல சுமார் 1,430 மடங்கு. உங்கள் வண்டியிலிருந்து அரைக் கிலோ கசிந்தால் 700 கிலோவுக்கு மேல் கார்பன் டையாக்சைடு விட்டதற்குச் சமம். ஆர்-12 கிட்டத்தட்ட 10,900 மடங்கு என்பதால் முன்னேற்றம்தான். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் 134ஏ போட முடியாது. மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-இல் கிகாலியில் போட்ட திருத்தத்தின்படி இந்த வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்தியா 2021-இல் அதை ஏற்றது. நமக்கான குறைப்பு 2032-இல் தொடங்கும். நீங்கள் புதிதாக ஏற்றியிருக்கும் கேஸ் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிட்டது.

அப்படியானால் நேராக அடுத்த கேஸான ஆர்-1234ஒய்எஃப்-க்கே போய்விடலாமா?

விலை கேட்டுவிட்டு வாருங்கள். மெல்லத் தீப்பிடிக்கும் குணமும் உண்டு. மைத்துனருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கேஸ் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என்ன செய்வது?

வெளியே ‘புஸ்’ என்று விடாமல், உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி இயந்திரம் உள்ள கடையாகப் பார்த்துப் போங்கள். முப்பது வருஷ மாருதியில் மிச்சம் இருக்கிறது என்பதே பொறாமைப்பட வேண்டிய விஷயம். எந்த ஓ-ரிங் போட்டிருந்தார்கள் என்று சொன்னால் நாங்களும் போட்டுக்கொள்கிறோம்.

ஒருமுறை கேஸ் ஏற்றினால் எத்தனை வருஷம் வரும்?

கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. கம்ப்ரஸர் அச்சின் சீல் வழியாக ஒரு துளி ஒரு துளியாகப் போவது உண்டு, அதற்குப் பல வருஷம் ஆகும். “வருஷா வருஷம் சம்மருக்கு முன்னாடி கேஸ் போட்டுடணும் சார்” என்று ஒருவர் சொன்னால், உங்கள் வண்டியில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.